பொருநை ஆற்றின் வழியே நீர்ச் சுழற்சி

பள்ளியில் நீர்ச் சுழற்சிப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியரையும் அவர்களுடைய பெற்றோரையும் எண்ணி, இன்றைய பயண உரை பொருநை என்றும் அழைக்கப்படும் தாமிரபரணியின் வடிநிலத்துக்கு நேயர்களை அழைத்துச் செல்கிறது. வடிநிலம் என்பது, பெய்யும் மழையெல்லாம் வடிந்து ஓர் ஆற்றில் வந்து சேரும் நிலப்பரப்பு. பாடநூலில் நீர்ச் சுழற்சி ஒரு வட்டமாக வரையப்பட்டிருக்கும்: கடலிலிருந்து ஓர் அம்புக்குறி மேலே ஏறும், மேகத்திலிருந்து மற்றொன்று மலைமேல் இறங்கும், மூன்றாவது ஆறாக ஓடிக் கடலில் சேரும். அந்தப் படத்தில் தவறில்லை. ஆயினும் அம்புக்குறிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதால், நீர் எந்த இடத்தில் விரைகிறது, எந்த இடத்தில் நின்று தங்குகிறது என்னும் முதன்மையான செய்தி அதில் விடுபட்டுப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, மன்னார் வளைகுடாவில் கலந்துவிடுகிற தாமிரபரணியின் கரையில் அந்த விடுபட்ட பகுதியைக் கண்ணாலேயே பார்க்க முடியும்; காலையில் தூத்துக்குடியில் கடலைப் பார்த்துவிட்டுப் புறப்படுபவர் அன்று மாலைக்குள் பொதிகை மலையின் அடிவாரத்தை அடைந்துவிடலாம்.

பயணம் தூத்துக்குடி உப்பளங்களில் தொடங்குவதே பொருத்தம். நகரை ஒட்டி வடக்கிலும் தெற்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரப்புக் கட்டிய பாத்திகள் பரந்து கிடக்கின்றன. கடல்நீரோ, நிலத்தடியிலிருந்து இறைக்கப்படும் உவர்நீரோ முதலில் பெரிய பாத்திகளில் நிறுத்தப்பட்டு, வெயிலில் செறிவு ஏற ஏற அடுத்தடுத்த பாத்திகளுக்குத் திருப்பப்படுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்த நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்வரை சோற்றுப்பு படிவதில்லை. அதற்கு முன்பே ஜிப்சம் தனியே படிந்துவிடுகிறது. சோற்றுப்பு படிந்தபின் எஞ்சி நிற்பது மெக்னீசிய உப்புகள் நிறைந்த கசப்பான நீர். கடைசிப் பாத்தியின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், நீரின் மேற்பரப்பில் மெல்லிய ஆடைபோல உப்பு கட்டத் தொடங்குவதும், சிறு அசைவு பட்டதும் அது உடைந்து அடியில் அமிழ்வதும் தெரியும். தொழிலாளர்கள் அதை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிக்கின்றனர்.

குவியலைப் பார்த்து வியக்கும் பயணிகள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி, பத்தில் ஒன்பது பங்கு நீர் எங்கே போயிற்று என்பதுதான். அது கொதிக்கவில்லை; ஆயினும் காற்றில் கலந்துவிட்டது. நீரின் மூலக்கூறுகள், அதாவது நீர் என்னும் தன்மையை இழக்காத மிகச் சிறிய துகள்கள், ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் மேற்பரப்பில் இருந்து மிகுந்த வேகம் பெற்றவை பிற துகள்களின் பிடியிலிருந்து விடுபட்டுக் காற்றில் சேர்ந்துவிடுகின்றன. இதுவே ஆவியாதல். இதற்கு வேண்டிய வெப்பம் சிறிதன்று. ஒரு கிராம் நீரை 0 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிவரை சூடாக்க 100 கலோரி போதும். அந்த 100 டிகிரி நீரை ஆவியாக மாற்றவோ மேலும் 540 கலோரி வேண்டும். ஆவிக்குள் அடங்கிவிடும் இந்த வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பர். உப்பு எளிதில் ஆவியாகாதது. ஆகவே அது பாத்தியிலேயே தங்க, தூய நீர் மட்டும் மேலே செல்கிறது. மழைநீர் கரிக்காமல் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

உப்பு விளைவதற்கு வெயில் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுபவரை வழி நேரே மேற்கு மலைக்கு இட்டுச் செல்லும். சூன் முதல் செப்டம்பர்வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தை ஏந்திக்கொண்டு கேரளத்தின் வழியாக வந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் முன்போல ஆவியைத் தாங்க முடிவதில்லை. மிகுந்த ஆவி மேற்குச் சரிவிலும் முகட்டிலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அழுத்தம் மிகுந்து சூடாகி, வறண்ட காற்றாக நெல்லைச் சமவெளியைக் கடந்து தூத்துக்குடியை அடைகிறது. மலைக்குப் பின்னால் இவ்வாறு மழையின்றிப் போகும் நிலத்துக்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். குற்றாலத்தில் சாரல் தூறிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் தூத்துக்குடியில் உப்பு வாரப்படுவது இதனால்தான். ஒரே காற்று ஓரிடத்தில் அருவியையும் இன்னோரிடத்தில் உப்பையும் விளைவிக்கிறது.

மலையடிவாரத்திலுள்ள பாபநாசத்தை நெருங்கும்போது, கேரள எல்லையை ஒட்டி 1,868 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பொதிகையின் அகத்தியர் மலை பெரும்பாலும் மேகத்துக்குள் மறைந்திருக்கும். மேகத்தை ஆவி என்று கருதுவது சிறுவர்களிடம் மட்டுமின்றிப் பெரியவர்களிடமும் காணப்படும் பிழை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகமாகத் தெரிவது, அந்த ஆவி குளிர்ந்து மீண்டும் நீராக மாறியதால் உண்டான நுண்துளிகளின் கூட்டம். ஆவி நீராக மாறும் இந்நிகழ்ச்சியைச் சுருங்குதல் என்றும் ஆவி உறைதல் என்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆவியானபோது அடங்கிய உள்ளுறை வெப்பம் இப்போது வெளிப்பட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவதால் மேகம் மேன்மேலும் உயர்ந்து வளர்கிறது. நுண்துளி உருவாவதற்கு ஒட்டிக்கொள்ள ஏதேனும் ஒரு துகள் வேண்டும். தூசி, புகைத் துகள் ஆகியவற்றோடு, அலை உடையும்போது காற்றில் தெறிக்கும் கடலுப்பின் பொடியும் இதற்கு உதவுகிறது. உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்த ஆவிக்கு மழையாவதற்கு மீண்டும் சிறிது உப்பு துணைநிற்பது சுவையான செய்தி. ஒரு நுண்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர், அத்தகைய பத்து இலட்சம் துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மழைத்துளி கிடைக்கும்.

நீர் காற்றில் ஆவியாகத் தங்கும் காலம் சராசரியாக ஒன்பது, பத்து நாள்களே. கடலிலோ ஒரு நீர்த்துகள் சராசரியாக 3,000 ஆண்டுகளுக்கு மேல் தங்குகிறது. பாடநூலின் படத்தில் ஒன்றுபோல வரையப்பட்ட அம்புக்குறிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு இவ்வளவு பெரியது.

மலையில் விழுந்த மழை அனைத்தும் உடனே ஓடிவிட்டால் தாமிரபரணி ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் பாயும் காட்டாறாக இருந்திருக்கும். அது வற்றாத ஆறாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, அதன் தலைப்பகுதி இரு பருவமழையையும் பெறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் முகட்டைத் தாண்டி வரும் மழையும், அக்டோபர் முதல் டிசம்பர்வரை வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையும் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற மலைப்பகுதிகளில் நிறையப் பெய்கின்றன. மற்றொன்று காடு. அடர்ந்த மரங்களின் இலைகளில் பட்டு வேகம் தணிந்த மழை, சருகும் வேரும் நிறைந்த மண்ணில் மெல்ல இறங்கி, பாறை இடுக்குகளில் தங்கி, மழை நின்று பல வாரங்கள் ஆனபின்னும் ஊற்றாகக் கசிந்து ஓடைகளை நிரப்புகிறது. பேயாறு, காரையாறு, சேர்வலாறு என்னும் சிற்றாறுகள் இவ்வாறே உயிரோடு இருக்கின்றன. அதே மலையின் மேற்குச் சரிவில் விழுந்த துளி நெய்யாற்றின் வழியாக அரபிக்கடலுக்குப் போய்விடும். சில அடித் தூரத்தில் முகட்டுக்கு இப்பால் விழுந்த துளி மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது.

காடு விட்ட இடத்தில் மனிதர் தொடர்கின்றனர். 143 அடி கொண்ட பாபநாசம் அணையும், சுரங்க வழியால் அதனோடு இணைக்கப்பட்ட 156 அடி சேர்வலாறு அணையும், 118 அடி மணிமுத்தாறு அணையும் நீரைத் தேக்கிவைக்கின்றன. நெல்லை மாவட்டத்தில் நாளிதழைப் புரட்டும் உழவர் முதலில் தேடுவது இந்த அணைகளின் அன்றைய நீர்மட்டத்தைத்தான். அணைகளுக்குக் கீழே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே உள்ளன. அணைக்கட்டு என்பது, நீரைப் பெருமளவில் தேக்காமல், மட்டத்தைச் சிறிது உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிடும் தாழ்வான கட்டுமானம். கால்வாய்கள் வயலுக்குப் பாய்வதோடு வழியிலுள்ள குளங்களையும் நிரப்புகின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்த நீர் அடுத்த குளத்துக்குச் செல்கிறது. இங்கே நெல் சாகுபடியும் இரு பருவமழையை ஒட்டியே அமைந்துள்ளது: தென்மேற்குப் பருவநீரில் கார், வடகிழக்குப் பருவநீரில் பிசானம். நெல்லும், ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களும் வேரால் உறிஞ்சிய நீரில் பெரும்பகுதியை இலைத்துளைகள் வழியாக மீண்டும் காற்றில் விடுகின்றன. நீராவிப்போக்கு எனப்படும் இச்செயலால், ஆற்றுநீரில் ஒரு பங்கு கடலைக் காணாமலேயே சுழற்சியில் திரும்பச் சேர்ந்துவிடுகிறது.

நீர் தங்குவதற்கு இடம் போதாதபோது என்ன நிகழும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இப்பகுதி கண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று; தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது மிகுதி. குளங்கள் உடைந்தன, ஆறு கரை கடந்தது, ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டதால் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயிலின் பயணிகள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே சிக்கித் தவித்தனர்.

ஆற்றின் முடிவிடமான புன்னைக்காயலுக்குப் போகும் வழியில் கொற்கை உள்ளது. பண்டைக்காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கிய அவ்வூர், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போக, இன்று வயல்களுக்கு நடுவே சிற்றூராக இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, திருச்செந்தூர்ப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் தொடங்குகின்றன. அவற்றில் விழும் மழை ஓடுவதே இல்லை. மணலுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிவிடுகிறது. திருச்செந்தூரில் அலைக்கு மிக அருகிலுள்ள நாழிக்கிணற்றில் நன்னீர் கிடைப்பதைப் பலரும் அதிசயமாகச் சொல்வர். பக்தியோடு அதன் அறிவியலையும் தெரிந்துகொள்வதில் குறையொன்றும் இல்லை. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது ஆதலால், கடற்கரை மணலில் அது உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. இதே கணக்கின் மறுபக்கம் அச்சம் தருவது: ஆழ்குழாய்க் கிணறுகளால் இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரும். உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் பல கிணறுகள் உவர்த்துப்போனதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்புவோர், உப்பளங்களைக் கோடையிலும், அருவிகளையும் அணைகளையும் மழைக்காலத்தை ஒட்டியும் காண்பது நல்லது. பாபநாசத்துக்கு மேலே உள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது ஆகையால், வனத்துறையின் சோதனைச் சாவடியில் அன்றைய அனுமதி விவரத்தைக் கேட்டறிந்து செல்ல வேண்டும். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவரும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்கள் பலவும் குடிப்பது அந்தப் படித்துறையைக் கடந்து வரும் நீரையே. ஆகவே குடும்பத்தோடு அங்கே செல்லும் சிறுவர்கள் துணியைத் தண்ணீரில் விடாமல் கரைக்குக் கொண்டுவரும்படி பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.