கச்சா எண்ணெய் இறங்கினால் நமக்கு என்ன கிடைக்கிறது?

(மே 2025 பொதுக்குழுக் கூட்டத்தின் முடிவில், நம் குடியிருப்பின் மூத்த உறுப்பினரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மெயின்டெனன்ஸ் பாக்கி, லிஃப்ட் ரிப்பேர் என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சென்ற வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்ட கேள்விதான் இன்றைய பொருள்: "கச்சா எண்ணெய் இறங்கிவிட்டது என்று தினமும் செய்தி வருகிறது. பங்க்கில் மட்டும் ஏன் அதே விலை?"

நான் பொருளாதார நிபுணன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் பற்று வரவு எழுதியவன். ஆகவே கணக்காகவே சொல்கிறேன்.

ஒரு பேரல் என்பது சுமார் 159 லிட்டர். ஏப்ரல் தொடக்கத்தில் பிரென்ட் கச்சா எண்ணெய் பேரல் 75 டாலர் அளவில் இருந்தது. மே முதல் வாரத்தில் 60 டாலர் வரை இறங்கியது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டர் 40 ரூபாயாக இருந்தது 32 ரூபாய்க்கு வந்தது. அதாவது லிட்டருக்கு 8 ரூபாய் குறைவு. ஒரு டாலர் இறங்கினால் லிட்டருக்கு சுமார் 53 காசு. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் டி.வி. செய்தியை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இறங்குகிறது?

காரணம் இரண்டுதான். ஒன்று, சரக்கு அதிகம் வருவது. மற்றொன்று, வாங்குபவர் குறைவது. கோயம்பேட்டில் தக்காளி விலை இறங்குவதற்கும் இதே காரணங்கள்தான். ஆனால் எது காரணம் என்று பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

2014-இல் நடந்தது சரக்கு அதிகமான கதை. அமெரிக்காவில் ஷேல் பாறைகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறை பெருகி, அந்த நாட்டின் உற்பத்தி சில வருடங்களில் பெருமளவு ஏறிவிட்டது. விலையைத் தூக்கி நிறுத்த ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2014 நவம்பர் 27 அன்று வியன்னாவில் கூடிய ஒபெக், குறைப்பதில்லை என்று முடிவெடுத்தது. விலை விழுந்தாலும் வாடிக்கையாளரை விடக்கூடாது என்பது சவுதியின் கணக்கு. அந்த ஜூனில் 115 டாலரைத் தொட்ட எண்ணெய், 2016 ஜனவரியில் 28 டாலருக்கும் கீழே போனது.

2008-இல் நடந்தது நேர்மாறு. ஜூலையில் 147 டாலர் வரை போன எண்ணெய், டிசம்பரில் 40-க்குக் கீழே வந்தது. உலக நிதி நெருக்கடியில் தொழில்கள் படுத்தன, வாங்க ஆள் இல்லை. எண்ணெய் மலிவாயிற்று, கூடவே வேலைகளும் போயின.

2020 ஏப்ரலில் இரண்டும் சேர்ந்துகொண்டன. ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்தது. சேமித்து வைக்கத் தொட்டி கிடைக்காமல், ஏப்ரல் 20 அன்று அமெரிக்க முன்பேர வணிகத்தில் விலை பூஜ்யத்துக்குக் கீழே 37 டாலர் வரை போனது. "எண்ணெயையும் எடுத்துக்கொள், கையில் பணமும் தருகிறேன்" என்று விற்றவன் சொன்ன நாள் அது.

இந்த வருடமும் கொஞ்சம் கலப்புதான். ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பல நாடுகள் மீது இறக்குமதி வரியை அறிவித்தார். உலக வியாபாரம் சுருங்கும் என்ற பயம் வந்தது. மறுநாளே ஒபெக் பிளஸ் அமைப்பின் எட்டு நாடுகள், மே மாதம் முதல் தினம் நான்கு லட்சம் பேரலுக்கு மேல் கூடுதலாக எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். விலை சரிந்தது.

அந்த 8 ரூபாய் எங்கே?

ஏப்ரல் 8 முதல் மத்திய அரசு பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தியது. பங்க் விலை ஏறவில்லை. கச்சா எண்ணெய் இறங்கியதால் கிடைத்த இடைவெளியிலிருந்து எண்ணெய் நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஆக 8 ரூபாயில் 2 ரூபாய் அரசுக்கு. மீதி பெரும்பாலும் நிறுவனங்களிடம். அதே சமயம் வீட்டு சிலிண்டர் 50 ரூபாய் ஏறி, சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆயிற்று.

இது புதிதல்ல. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கலால் வரி ஒன்பது முறை ஏறியது. பெட்ரோலுக்கு மொத்தம் 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. கச்சா எண்ணெய் முக்கால் பங்கு விழுந்தது. டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய் அளவிலிருந்து 60-க்குச் சற்றுக் கீழேதான் வந்தது. 2020 மே மாதம் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டினார்கள். பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள்.

2025 மே நிலவரப்படி பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 காசு. இதில் மாநிலங்களோடு பங்கிடப்படும் அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றவை கூடுதல் வரியும் செஸ்ஸும். தமிழ்நாடு அரசின் வாட் வரி பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இந்த நிலையான தொகை எதையும் பார்த்து இறங்காது. நூறு ரூபாய்க்குச் சற்று மேல் விற்கும் லிட்டரில் இரண்டு அரசுகளின் வரி மட்டும் 40 ரூபாயைத் தாண்டுகிறது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் இன்னும் வரவில்லை.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2022-இல் ரஷ்யா - உக்ரைன் போரின்போது எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது. அந்த வருடத்தின் பெரும்பகுதி பங்க் விலையை அசைக்காமல் நஷ்டத்தை நிறுவனங்கள் தாங்கின. மறு வருடம், 2023-24-இல், மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் பார்த்தன. 2024 மார்ச்சில் நமக்குக் குறைந்தது 2 ரூபாய். 2017 ஜூனில் தினசரி விலை மாற்றம் என்று ஒரு முறை வந்தது. விலை ஏறும் காலத்தில் அது தினமும் வேலை செய்தது. இறங்கும் காலத்தில் தூங்கிவிடுகிறது. எந்தக் கட்சியையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கச்சா விலை இறங்குவது வேறு, நம் பில் இறங்குவது வேறு. நடுவில் பல கைகள் இருக்கின்றன.

அப்படியானால் நமக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் பங்க் வழியாக வருவதில்லை. நாம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2013-14-இல் அதற்கு நாடு கொடுத்தது சுமார் 143 பில்லியன் டாலர். 2015-16-இல் சுமார் 64 பில்லியன். அவ்வளவு டாலர் மிச்சமானால் ரூபாய்க்கு அழுத்தம் குறைகிறது, விலைவாசி அடங்குகிறது. சென்ற ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 3.16 சதவீதம். காய்கறி விலை இறங்கியது முக்கியக் காரணம், எண்ணெய் ஏறாமல் இருப்பதும் உதவி. பணவீக்கம் அடங்கினால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும். பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் குறைத்து, ரெப்போ விகிதம் 6 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

இங்கேதான் நம் குடியிருப்பு இரண்டாகப் பிரிகிறது. வீட்டுக் கடன் கட்டும் இளையவர்களுக்கு இது லாபம். எஃப்.டி. வட்டியில் மாதத்தை ஓட்டும் என்னைப் போன்றவர்களுக்கு வருமானம் குறையும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் வீடுகள் இங்கே பல உண்டு. எண்ணெய் விழுந்தால் அங்கே கட்டுமான வேலைகள் நிற்கும். 2016-இல் சவுதியில் சம்பளம் வராமல் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் தவித்தது நினைவிருக்கும். மலிவான எண்ணெய் எல்லா வீட்டுக்கும் நல்ல செய்தி அல்ல.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டுக் கடன் உள்ளவர்கள் தங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததா என்று பாஸ்புக்கோடு போய் வங்கியில் கேளுங்கள். 2019 அக்டோபர் முதல் தரப்பட்ட மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வங்கிகளில் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு முந்தைய கடன்களை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வட்டி குறையும்போது ஈ.எம்.ஐ.யைக் குறைக்காமல் தவணைக் காலத்தைக் குறைத்துக்கொண்டால் மிச்சம் அதிகம்.

இரண்டாவது, மூத்தவர்கள். இந்தக் காலாண்டில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி 8.2 சதவீதம். போட்ட தேதியில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. உச்சவரம்பு 30 லட்சம். எஃப்.டி. முதிர்பவர்கள் வட்டி இன்னும் இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது நம் சங்கத்துக்கு. தண்ணீர் லாரி, குப்பை வண்டி, ஜெனரேட்டர் பராமரிப்பு, எல்லா ஒப்பந்தக்காரர்களும் டீசல் ஏறியது என்று சொல்லித்தான் விலை கூட்டுகிறார்கள். டீசல் இறங்கியபோது யாரும் குறைத்ததில்லை. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நாம் எழுதி வாங்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்: கையெழுத்திடும் நாளின் டீசல் விலையைக் குறிப்பிட்டு, அது லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் இவ்வளவு கூட்டு, 5 ரூபாய் இறங்கினால் அதே அளவு கழிவு. பெயின்ட், பி.வி.சி. குழாய் போன்றவையும் கச்சா எண்ணெயின் வழித்தோன்றல்களே. அடுத்த வருடம் வெளிச்சுவர் பெயின்ட் வேலைக்குக் கொட்டேஷன் கேட்கும்போது இதை நினைவில் வைத்துப் பேரம் பேசலாம்.

பேரல் விலை நம் கையில் இல்லை. வரியும் நம் கையில் இல்லை, ஓட்டுப்போடும் நாளைத் தவிர. ஆனால் ஒப்பந்தம் எழுதும் பேனா நம் செயலாளர் கையில்தான் இருக்கிறது. அடுத்த செயற்குழுவில் இந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.