துணிவுக்குத் துணை நிற்கும் வாய்ப்பு

(மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



விமானத்தினின்று குதித்துப் பாராசூட் எனப்படும் வான்குடையால் தரையிறங்கும் விளையாட்டில், வெற்றிக்குத் துணிவே காரணம் என்று பலரும் கருதுவர். அமெரிக்க வீராங்கனை செரில் ஸ்டேர்ன்ஸ் அம்மையாரின் வாழ்க்கையை ஆராய்ந்தால், துணிவு முதற்படி மட்டுமே என்பது புலனாகும்.

அவர் சிறந்து விளங்கிய போட்டி இரு பிரிவுகளைக் கொண்டது. முதலாவதில், வான்குடை விரியுமுன் வலமும் இடமுமாகச் சுழன்று, பின்புறமாகக் கரணமடித்து, ஆறு அசைவுகளைச் சில விநாடிகளில் பிழையின்றி முடித்தல் வேண்டும். இரண்டாவதில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, தரையிலுள்ள சிறு வட்டத்தின் மையத்தைக் காலால் தொடுதல் வேண்டும். இன்றைய போட்டிகளில் அம்மையத்தின் விட்டம் 2 சென்டிமீட்டரே. இத்தகைய நுட்பம் ஆயிரக்கணக்கான குதிப்புகளாலன்றிக் கைகூடாது. ஒவ்வொரு குதிப்புக்கும் விமானமும் எரிபொருளும் தேவை. தனியொருவரால் இச்செலவைத் தாங்குவது அரிது.

1955-ஆம் ஆண்டு பிறந்த இவர், பதினேழாம் வயதில் முதன்முறையாகக் குதித்தார். 1977-இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து, அதன் 'கோல்டன் நைட்ஸ்' வான்குடைக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்மணியானார். முன்னரே திறமை பெற்றிருந்த அவருக்கு விமானம், பயிற்சிக்களம், ஊதியம் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தன. மறு ஆண்டே உலக வாகையர் பட்டம் பெற்றார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1994-இல் அப்பட்டத்தை மீண்டும் வென்றார். பயணிகள் விமானத்தை ஓட்டும் விமானியாகப் பணியாற்றிக்கொண்டே பயிற்சியையும் தொடர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1995 நவம்பரில் 24 மணி நேரத்தில் 352 முறை குதித்தார்; அதாவது சராசரியாக நான்கு நிமிடங்களுக்கு ஒரு முறை. விமானிகளும், வான்குடைகளை மடித்துக் கொடுத்தோரும் இன்றி இச்சாதனை இயன்றிராது.

நம் நாட்டு வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1959-இல் ஆக்ராவில் வான்குடையுடன் குதித்து, இந்தியாவின் முதல் பெண் வான்குடை வீரர் என்ற சிறப்பைப் பெற்ற கீதா சந்தா, விமானப்படை மருத்துவர். 1979-இல் குதிக்கத் தொடங்கிய ரேச்சல் தாமஸ், ரயில்வே ஊழியர். 1987-இல் வான்குடைப் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற முதல் பெண்மணியான அவர், 2002-இல் வட துருவத்தின் மேல் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார். 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடம் "உன்னால் இயலுமா?" என்று கேட்குமுன், "இவர் ஆயிரம் முறை முயல நாம் வழிசெய்துள்ளோமா?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். மாணவர்களே, கதவு திறக்கும் நாளில் நுழைவதற்கு ஆயத்தமாக இருப்பது உங்கள் கடமை. 1977-க்கு முன்பே ஆயத்தமாக இருந்ததனாலன்றோ அவ்வம்மையார் மறு ஆண்டே வாகை சூடினார்!