ஏற்றுமதியும் நம்ம ஊர் வளர்ச்சியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஏற்றுமதி பெருகினால் நாடு வளரும் என்று புத்தகம் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் 14 வருஷமாக வேலை பார்க்கிற நான் கூடவே ஒன்று கேட்பேன். ஏற்றுமதியாகும் பொருளில் நம்ம ஊரில் செய்தது எவ்வளவு?

ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்துச்சு. அந்தச் சமயத்தில் மத்திய அரசு கார் கம்பெனிகளுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மூன்றாம் வருஷத்துக்குள் 50 சதவீதம், ஐந்தாம் வருஷத்துக்குள் 70 சதவீதம் உள்நாட்டு உதிரிபாகம் இருக்கணும். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 2001-ல் நமக்கு எதிராக முடிவு வந்தது. அதற்குள் சப்ளையர்கள் பலர் இங்கே வந்து கொட்டகை போட்டாயிற்று. நிபந்தனை மட்டுமே காரணமில்லை. பம்பரையும் பெட்ரோல் டேங்கையும் கொரியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தால், காசு கொடுத்துக் காற்றை ஏற்றி வந்த கதைதான்! (மெக்கானிக்கல் பசங்களுக்கு விளக்க வேண்டாம்.)

நோக்கியா கதை வேறே. 2006-ல் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தி தொடங்கியது. 1997-ல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் இந்த வகைப் பொருள்கள் பலவற்றுக்குச் சுங்க வரி கிடையாது. சிப், திரை எல்லாம் கைக்கடக்கமான சாமான்கள். விமானத்தில் வந்து, போனாகி, மறுபடி விமானம் ஏறிவிடும். ஏற்றுமதிக் கணக்கு பெரிசு. இறக்குமதியைக் கழித்தால் இங்கே தங்கியது பெரும்பாலும் சம்பளம்தான். அதையும் சின்னதாகச் சொல்ல மாட்டேன். கிராமத்திலிருந்து வந்த எத்தனையோ பெண்களுக்கு அதுதான் முதல் மாதச் சம்பளம்.

2013-ல் வருமான வரித் தகராறு வந்தது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. நவம்பர் 1-ல் மூடினார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. வரியை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டன் போன் வியாபாரமே சரிந்து கொண்டிருந்த நேரம் அது. ஆனால் ஆலையைப் பிடித்து நிறுத்தச் சுற்றிலும் வேர் இல்லை என்பது என் கருத்து.

கார் கம்பெனி மூடாதா என்பீர்கள். மூடும். மறைமலை நகரில் போர்டு 2022-ல் நிறுத்தியது. ஆனால் அச்சு செய்யத் தெரிந்த சப்ளையருக்குத் தட்ட வேறு கதவு இருந்தது. லைனில் போன் பூட்டிய பெண்ணுக்கு 2014-ல் அது இல்லை.

இன்று சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஐபோன் செய்து அனுப்புகிறது. நோக்கியா கட்டடம் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கைக்குப் போய்விட்டது. ஐபோனின் மேலுறை ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸில் தயாராகிறது. இது நல்ல மாற்றம். சிப் இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது.

மாணவர்களே, இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனியிடம் சம்பளத்தைக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே, "டூல் ரூம் இருக்கா சார்? அச்சு இங்கேயே செய்றீங்களா, வெளிநாட்டிலிருந்து வருதா?" என்றும் கேளுங்கள். எங்க பக்கம் டை டிசைன் தெரிந்த ஆளுக்கு இன்றைக்கும் தட்டுப்பாடு. விவரம் வேண்டுவோர் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடிக்கலாம்.