ரசீதில் எழுதாத பணம்



ஜூன் மாதம் பிறந்தால் நம் ஊர் அடகுக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக வளையலையோ தாலிக்கொடியையோ கொண்டு வந்தவர்கள் அதில் பலர் இருப்பார்கள். அந்தக் கட்டணத்தைத் தனியார் பள்ளி நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது, அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ?

கட்டணத்தை முறைப்படுத்தும் அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் 2009இல் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கச் சொல்கிறது அந்தச் சட்டம். பள்ளி எந்த ஊரில் இருக்கிறது, என்னென்ன வசதி வைத்திருக்கிறது, நிர்வாகத்துக்கும் பராமரிப்புக்கும் என்ன செலவாகிறது, வளர்ச்சிக்கு எவ்வளவு மிச்சம் வேண்டும் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் குழு தொகையைச் சொல்லும். அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும்.

முதல் குழுவுக்குத் தலைவர் நீதிபதி கே. கோவிந்தராஜன். 2010 மே மாதம் கட்டணப் பட்டியல் வெளியானதும் பெரிய சச்சரவு கிளம்பியது. போதவே போதாது என்று ஆயிரக்கணக்கான பள்ளிகள் மேல்முறையீடு செய்தன, வழக்கும் நடந்தது. அடுத்து வந்த நீதிபதி ரவிராஜ பாண்டியன் குழு 2011இல் திருத்திய கட்டணத்தை அறிவித்தது.

பள்ளிக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சின்ன ஊரில் நர்சரிப் பள்ளி நடத்துகிறவருக்கு வாடகையும் ஆசிரியர் சம்பளமும் கொடுத்து மாளாது. கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் சேர்த்த ஏழைப் பிள்ளைகளுக்கான பணம் அரசிடமிருந்து வரத் தாமதமானால் அவர் வட்டிக்குத்தான் போக வேண்டும். 2002இல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வும் வளர்ச்சிக்கு வேண்டிய அளவு உபரி வைத்துக்கொள்ளலாம் என்றே சொன்னது. ஆனால் நன்கொடை வாங்கி இடம் கொடுப்பதும் கொள்ளை லாபம் அடிப்பதும் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குழு சொன்ன தொகைக்கு ஒரு ரசீது. மீதிக்கு வெறும் துண்டுச் சீட்டு, சில இடத்தில் அதுவும் கிடையாது. ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், யோகா, ஆண்டு விழா, ஷூ, பெல்ட் என்று தலைப்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இதைப் புகார் செய்ய வேண்டியவர் யார்? அதே பள்ளியில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோர். நாளைக் காலை அந்த வாசலிலேயே குழந்தையை இறக்கிவிட வேண்டியவர் எப்படி வாய் திறப்பார்?

கட்டட, வாகன விஷயத்தில் அரசு இப்படிப் புகாருக்காகக் காத்திருப்பதில்லை. அந்தக் கண்டிப்பு வந்த விதம் கொடுமையானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில், சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ பரவி 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அதன்பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது; கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அங்கீகாரம் இல்லை என்பது இறுகியது. 2012இல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது, பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அதிகாரி நேரில் போய்ப் பார்த்தால் விதி வேலை செய்யும் என்பதற்கு, ஆண்டுதோறும் மே மாதம் மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிக்கும் அந்த மஞ்சள் பேருந்துகளே சாட்சி.

பள்ளி அங்கீகாரத்திலும் ஓட்டைகள் உண்டு, மறைப்பானேன். மாநகராட்சியில் 6 கிரவுண்டு, கிராமத்தில் 3 ஏக்கர் என்று சிட்டிபாபு குழு பள்ளிக்கு இட அளவு வகுத்தது. அந்த அளவு இல்லாத பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரத்தைத் திரும்பத் திரும்ப நீட்டித்தே காலம் ஓடியது.

பேருந்தின் அவசர வழியைத் திறந்து பார்க்கும் அரசு, பள்ளியின் கட்டணப் புத்தகத்தையும் திறந்து பார்க்கலாமே? பெற்றோர் பெயரைக் கேட்காமலே ரசீதையும் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தனியார் பள்ளிகளுக்கென்றே இயக்ககமும் மாவட்டக் கல்வி அலுவலரும் இருக்கும்போது ஆள் இல்லை என்று சொல்வது சரியல்ல என்பது என் கருத்து.

அதுவரை பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த கட்டணம் என்ன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். புகார் எழுதுவதானால் தனியாக எழுதாதீர்கள். ஒரே வகுப்புப் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.