டீசல் காரின் மூச்சுக் குழல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அம்மரபைக் காக்கவல்ல புலவர் பெருமக்கள் நமக்குப் பின்னர்ப் பேசவிருக்கின்றனர். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்குச் செயற்குழுவினர் வேறொரு பொருளை அளித்தனர். "உங்கள் வீட்டு டீசல் காரில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்ததே, அதை எவ்வாறு தீர்த்தீர்கள் என்று சொல்லுங்கள், விஜயநகரில் அத்துன்பத்திற்கு ஆளானோர் பலர்" என்றனர். நாம் எஞ்சினியர் அல்லோம்; மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆயினும் கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்துள்ளோம். அவற்றையே இங்குக் கூறுகிறோம்.

முதலில் அவ்வுறுப்பை அறிந்துகொள்வோம். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமை கோரி, 1897-இல் செப்பமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளிழுத்த காற்றை இறுக அழுத்துவதால் எழும் வெப்பத்திலேயே எண்ணெய் எரிகிறது. அக்காற்றைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கிளைக்குழாய்த் தொகுதிதான் இன்டேக் மானிஃபோல்டு. அதனை மூச்சுக் குழல் என்று நாம் அழைப்போம்.

இக்காலத்து டீசல் கார்கள் பலவற்றில் இக்குழலினுள்ளே சிறு கதவுகள் உண்டு. எஞ்சின் மெல்லச் சுழலும்போது அவை வழியின் ஒரு பகுதியை அடைத்து, காற்றைச் சுழலச்செய்து உள்ளே அனுப்பும். வேகம் மிகும்போது திறந்து முழு வழியையும் விடும். கதவுகள் யாவும் ஒரே தண்டில் கோக்கப்பெற்றவை. ஒரு சிறு மோட்டார் அத்தண்டைத் திருப்புகிறது. கதவு எங்கே நிற்கிறது என்பதை ஒரு சென்சார் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அறிவிக்கிறது. கட்டளை ஒன்றாகவும் கதவின் நிலை வேறாகவும் இருப்பின் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சினைக் காப்பதற்காகக் கம்ப்யூட்டர் அதன் வலிமையையும் குறைத்துவிடக்கூடும்.

கதவு ஏன் மக்கர் செய்கிறது? பெரும்பாலும் கரியினால்தான். நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சுக் காற்றைக் குறைக்கும்பொருட்டு, வெளியேறும் புகையில் ஒரு பங்கை ஈ.ஜி.ஆர். என்னும் வால்வின் வழியாக மீண்டும் எஞ்சினுக்குள் விடுகின்றனர். அதனால் எரியும் வெப்பம் தணிகிறது, நச்சும் குறைகிறது. நம் நாட்டின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் நான்காம் நிலை 2010-இல் 13 நகரங்களிலும், 2017-இல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் ஆறாம் நிலை வந்தது. ஊர் மக்களின் நுரையீரலுக்கு இது நன்மையே. ஆனால் திரும்பி வரும் புகையில் கரித்தூள் இருக்கிறது. எஞ்சினின் அடியிலிருந்து எழும் ஆயில் ஆவியும் அதே குழலுக்குள் வந்து சேர்கிறது. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசுக்காகப் படிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். குழலுக்குள்ளும் அவ்வாறே தார்போல் படிகிறது; நாளடைவில் கதவு இறுகுகிறது.

இனி எங்கள் வண்டியின் வரலாறு. மைத்துனரும் நாமும் சேர்ந்து பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினோம். சில மாதங்களில் விளக்கு எரிந்தது. நகரிலுள்ள பணிமனை ஒன்றில் ஸ்கேனர் கருவியை இணைத்து, 'பி 2015' என்னும் எண் வருகிறது என்றனர். அது ஆண்டைக் குறிப்பதன்று. கதவின் நிலையைப் பற்றிச் சென்சார் தரும் செய்தி வரம்புக்குள் இல்லை என்பதே அதன் பொருள். அவர்கள் எண்ணை அழித்தனர், விளக்கும் அணைந்தது. ஆறு வாரங்களில் மீண்டும் எரிந்தது. இம்முறை மானிஃபோல்டையே புதிதாக மாற்றினர். ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் அதற்குச் சென்றது. ஏழாம் மாதம் அதே விளக்கு, அதே எண்!

மூன்றாம் முறை அது எரிந்த இடத்தைக் கேளுங்கள். அன்னையாருக்குக் கோயம்புத்தூரில் கண் அறுவை முடித்துக்கொண்டு, சத்தியமங்கலம் வழியாக வந்துகொண்டிருந்தோம். பண்ணாரியைக் கடந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகையில் வண்டி வலுவிழந்தது. பின்னால் சரக்கு லாரிகள் வரிசை. கண்ணில் கட்டோடு அன்னையார். இருட்டுவதற்குள் காட்டைக் கடக்க வேண்டிய கவலை. ஊர்ந்து ஊர்ந்து மேலேறினோம். விளக்கை அணைப்பது வேறு, கோளாற்றைத் தீர்ப்பது வேறு என்பது அன்று எங்கள் குடும்பத்தார் அனைவர்க்கும் விளங்கிற்று.

இருப்புப்பாதைத் துறையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் பதிவேடு உண்டு. ஓட்டுநர் கண்ட குறையை எழுதுவார். பணிமனையார் செய்த வேலையை எழுதுவர். ஒரே குறை மீண்டும் எழுதப்பட்டால், முன்பு செய்த பழுதுபார்ப்பு போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வாரணாசியில் 1964-இல் முதல் டீசல் எஞ்சின் கட்டப்பெற்ற நாள்தொட்டு இத்துறை கற்ற பாடங்கள் பலவும் ஏட்டில் எழுதிக் கற்றவையே. அவ்வழக்கத்தை நாம் வீட்டு வண்டிக்கும் கைக்கொண்டிருந்தோம். விளக்கு எரிந்த தேதி, ஓடிய கிலோமீட்டர், அந்த வாரம் சென்ற தூரம், ஊற்றிய ஆயில் ஆகியவை ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தன.

ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் சிறு பட்டறை நடத்தும் கன்னட மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் ஸ்கேனரைத் தொடுமுன் நோட்டைக் கேட்டு வாங்கினார். "ஐயா, உங்கள் வண்டி பெரும்பாலும் விஜயநகரிலிருந்து ரயில் நிலையம் வரைதானே போய்வருகிறது? எஞ்சின் சூடேறுமுன் நிறுத்திவிடுகிறீர்கள். அதனால் கரி அதிகம் சேர்கிறது. அதனோடு ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது. அது எங்கே போகிறது என்று பார்ப்போம்" என்றார்.

அவர் செய்த முறையை வரிசையாகக் கூறுகிறோம். முதலில் வயரையும் இணைப்பு முனைகளையும் சோதித்தார், அவை பழுதற்றிருந்தன. அடுத்து ஸ்கேனர் வழியே கதவைத் திறக்கவும் மூடவும் கட்டளையிட்டு, அது தயங்குவதைக் கண்டார். பின்னர் குழலைக் கழற்றினார். ஏழே மாதங்களில் புதிய குழலின் வழி பாதியளவு கரியால் அடைபட்டிருந்தது! தண்டிலும் நெம்புகோலிலும் தேய்மானம் இல்லை. ஆகவே வேறு குழல் வேண்டாம் என்றார். தேய்ந்திருந்தால் கதவு தன் எல்லையைத் தாண்டி நிற்கும். அப்போதும் இதே எண்தான் வரும். சுத்தம் செய்வதால் அது தீராது.

இத்துணை விரைவில் கரி சேர்ந்தது எப்படி என்று மேலும் தேடினார். ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து முழுவதும் மூடாமல் இருந்தது. வேண்டாத வேளையிலும் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆயில் ஆவியை அளவோடு அனுப்பவேண்டிய உறுப்பின் ரப்பர் சவ்வும் கிழிந்திருந்தது. புதிய குழல் பொருத்திய அன்று இவ்விரண்டையும் ஒருவரும் பார்க்கவில்லை. நோயாளியின் சட்டையை மாற்றிவிட்டு மருத்துவம் முடிந்தது என்பதற்கு இது ஒப்பாகும் அன்றோ?

வால்வைத் துலக்கி, சவ்வை மாற்றி, குழலைத் தனியே எடுத்து மருந்திட்டுக் கழுவி, கரித்தூள் சிலிண்டருக்குள் விழாதபடி வாய்களை அடைத்துத் துடைத்து, புதிய கேஸ்கெட்டுகள் வைத்துப் பூட்டினார். இறுதியில் கதவின் இரு எல்லைகளையும் கம்ப்யூட்டருக்குப் புதிதாக அறிமுகம் செய்தார். இச்செயலை விட்டுவிட்டால் நல்ல உறுப்பும் பழுதென்றே காட்டக்கூடும். செலவு, முன்பு கொடுத்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு ஆண்டுகளாயின, விளக்கு எரியவில்லை. திம்பத்தை ஐந்து முறை ஏறிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஈ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் யோசனை கூறுவர். அது தம் வண்டியின் கரியைப் பிறர் பிள்ளைகளின் மூச்சில் ஏற்றுவதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, புகை வரம்பை மீறி வண்டி ஓட்டுவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. நமக்கு வாழ்வளித்த மைசூரின் காற்றைக் கெடுத்து நம் காரைக் காப்பது நன்றியாகாது.

அன்பர்களே! நோயை அறிவதோடு நில்லாமல் அதன் முதலையும் தேடுக என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் உணர்த்தினார். வண்டிக்கும் அதுவே நெறி. ஆகையால் நாம் வேண்டுவன மூன்று: வண்டிக்கு ஒரு நோட்டு வையுங்கள், சிறு தூரமே ஓடும் வண்டியை வாரம் ஒரு முறையேனும் ஹுன்சூர்ச் சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள், ஒரே கோளாறு இரண்டாம் முறை வந்தால், "எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்குமுன், "ஏன் வந்தது?" என்று கேளுங்கள்.