தெரிஞ்ச ரோடுதான், ஆனா போன வாரம் வரைக்கும்

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சு, பையை முதுகுல மாட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஊருக்குக் கிளம்புற ஆளா நீங்க? அப்போ இன்னைக்குப் பேசப்போறது உங்களைப் பத்திதான். எனக்கு ஊர் அரியலூர் பக்கம். சென்னையிலேர்ந்து பெரம்பலூர் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை, அங்கேர்ந்து அரியலூர் ரோடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிடுவேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். ஒரு ராத்திரி அந்தத் திமிரு முட்டியோட தோலை உரிச்சுடுச்சு.

நடந்தது சின்ன விஷயம்தான். ரோடு அகலப்படுத்துற வேலை நடந்துக்கிட்டிருந்த ஒரு இடம். போன வாரம் இடது பக்கம் விட்டிருந்தாங்க. அந்த வாரம் அதை மூடி, வலது பக்கம் திருப்பியிருந்தாங்க. எனக்கு ஞாபகத்துல இருந்தது போன வார ரோடு. பைக் 60ல போகுது. முன்னாடி ஒரு மண் மேடு, பக்கத்துல வெள்ளை அடிச்ச தார் டிரம், அது மேல ஒரு வேப்பங்கொத்து. நான் அதைப் பார்த்தப்போ பிரேக் பிடிக்க நேரம் இருந்துச்சு, நிக்கத்தான் இடம் இல்ல. பின்னாடி டிப்பர் எதுவும் வரல. வந்திருந்தா இந்த எபிசோடு இல்ல.

அப்புறம்தான் உக்காந்து கணக்குப் பார்த்தேன். நம்ம நாட்டுல ரோடு டிசைன் பண்றதுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கொடுக்கிற அளவு இருக்கு. ஒரு தடையைப் பார்த்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, பிரேக் பிடிச்சு வண்டி நிக்கிறதுக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல 120 மீட்டர் வேணும். 60ல 80 மீட்டர். 40ல 45 மீட்டர். இப்போ உங்க பைக்கோட டிம் லைட் எவ்ளோ தூரம் காட்டும்? நல்ல லைட்டா இருந்தா ஒரு 40 மீட்டர். எதிர்ல ஒருத்தர் பிரைட் போட்டு வந்தா அதுவும் கிடையாது. அப்போ 60ல போறவன் பார்க்கிறதுக்கு முன்னாடியே இடிச்சு முடிச்சிருப்பான். வேலை நடக்கிற இடத்துல 40ன்னு போர்டு வைக்கிறப்போ, யாரோ நம்மளைக் கடுப்பேத்த வைக்கிறாங்கன்னுதான் நான் நினைச்சிருந்தேன்.

நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இது புதுசு இல்ல. திருச்சி–சிதம்பரம் ரோடு, அதாவது என்.எச்.81, கல்லகம், மீன்சுருட்டின்னு துண்டு துண்டா பிரிச்சு வருஷக்கணக்குல விரிவாக்கம் நடந்துச்சு. அரியலூர் சுத்தி சிமென்ட் ஃபேக்டரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம். அதனால எந்நேரமும் டிப்பர். போதாததுக்குக் கரிசல் மண்ணு. காய்ஞ்சா புழுதி, புழுதி அடங்கத் தண்ணி அடிச்சா சேறு, ஐப்பசி மழை விழுந்தா எண்ணெய் ஊத்தின மாதிரி. டைவர்ஷன் மண் ரோட்டுல முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடிச்சீங்கன்னா கதை முடிஞ்சுது. திரும்புறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும், திரும்பும்போது இல்ல.

இன்னொண்ணு. தார் போட்டு இன்னும் திறக்காத புது ரோடு காலியா, கறுப்பா, அழகா இருக்கும். டிராஃபிக்ல நிக்கிறப்போ அதுல ஏறிப் போயிடலாமான்னு கை அரிக்கும். பெரம்பலூர் பக்கம் அறுவடை சீசன்ல அதுல மக்காச்சோளம் காயுது. நடுவுல கல்வெர்ட் வேலைக்குப் பள்ளம் இருக்கும், சுத்தி வேலி இருக்காது. ஏறாதீங்க.

ஆனா எல்லாத்தையும் விட மோசமானது எதுன்னு கேட்டா, நாலு வழிச் சாலையில ஒரு பக்கத்தை மூடிட்டு ரெண்டு பக்க வண்டியையும் ஒரே பக்கத்துல விடுறதுதான். முதல் அரை கிலோமீட்டர் உஷாரா இருப்போம். அப்புறம் முன்னாடி ஒரு லாரி மெதுவாப் போகும். பழக்க தோஷம், வலது பக்கம் எடுத்து ஓவர்டேக் பண்ணப் போவோம். வலது பக்கம் இப்போ எதிர் வண்டிக்கு உரியது. மறுபடி சென்டர் மீடியன் நம்ம வலது பக்கத்துல வர்ற வரைக்கும் லாரி பின்னாடியே போங்க. மொத்தம் போகப்போறது அஞ்சு நிமிஷம்.

கொடி பிடிச்சு நிக்கிறவரைப் பத்தி ஒரு வார்த்தை. பல இடத்துல அவர் பீகாரோ ஜார்க்கண்டோ, தமிழ் தெரியாது. ஹாரன் அடிச்சுத் திட்டுறது அவருக்குப் புரியப்போறதில்ல. சிவப்புக் கொடின்னா நில்லு, அவ்ளோதான். அவர் பின்னாடி ரோலர் ரிவர்ஸ்ல வர்றது நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

சரி, எல்லாம் ஓட்டுறவன் தப்பான்னு கேப்பீங்க. இல்ல. வேலை நடக்கிற இடத்தை எப்படிக் காட்டணும்னு ஐ.ஆர்.சி. எஸ்.பி.55ன்னு தனி விதிமுறையே இருக்கு. முன்னாடியே எச்சரிக்கை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கிவிடுற பகுதி, அப்புறம் வேலை நடக்கிற இடம், கடைசியில முடிஞ்சுதுன்னு ஒரு போர்டு. வேப்பங்கொத்து அந்தப் பட்டியல்ல இல்ல. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாம அதனால சாவோ ஊனமோ நடந்தா, பொறுப்பான அதிகாரிக்கோ கான்ட்ராக்டருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்னு சொல்லுது. ஒரு உயிருக்கு 1 லட்சம் எந்த மூலைக்கு, அது வேற பேச்சு.

அதனால ராத்திரி டைவர்ஷன்ல லைட் இல்ல, போர்டு இல்லன்னா, ஓரமா பத்திரமான இடத்துல வண்டியை நிறுத்திட்டு 1033க்குக் கூப்பிடுங்க. தேசிய நெடுஞ்சாலை ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு. கிலோமீட்டர் கல்லுல இருக்கிற நம்பரைச் சொல்லுங்க. "பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடை பக்கத்துல"ன்னு சொன்னா அவங்க எங்கன்னு தேடுவாங்க?

நான் இப்போ ஊருக்குக் கிளம்புற நேரத்தையே மாத்திட்டேன். வெள்ளி ராத்திரி தூங்கிட்டு சனி விடியக்காலை. அம்மா மட்டும் "ஏன்டா ஒரு வேளைச் சாப்பாடு குறையுது"ன்னு இன்னும் திட்டிக்கிட்டுதான் இருக்காங்க.