மின்னஞ்சலில் கடை விரிப்பது எப்படி?



சிறுதொழில் செய்யும் நம்மவர்களுக்கு விளம்பர மின்னஞ்சல் பயன்படுமா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், "அதெல்லாம் வங்கிக்கும் விமான நிறுவனத்துக்கும்தான் சரிப்படும், நமக்கு வாட்ஸ்அப் போதும்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அவரோடு வாதாட நான் வரவில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் மலாக்கா, குருபோங். ஹங் ஜெபாட் அரங்கத்துக்குப் போகும் வழி என்றால் பலருக்குத் தெரியும். எங்கள் தாமானில் ஓர் அக்கா முறுக்கு சுட்டு விற்கிறார். தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலையை இழந்தவர். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் கடை போடும்போது, வாங்கியவர்களிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டிப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதி வாங்கிக்கொள்வார். மூன்று ஆண்டுகளில் அந்த நோட்டில் 180 பெயர் சேர்ந்திருந்தது. கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் அதில் உண்டு.

2014 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். "தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, எல்லாருக்கும் ஒரு கடுதாசி அனுப்பிவிடு" என்று அக்கா என்னிடம் கேட்டார். 180 பேர் எனக்குப் போதவில்லை. ஒருவரிடம் 150 வெள்ளி கொடுத்து 5,000 முகவரி வாங்கினேன். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய சுவரொட்டி வரைந்தேன். விளக்கு, மத்தாப்பு, முறுக்குப் படம், விலை, தொலைபேசி எண் எல்லாம் அந்த ஒரே படத்துக்குள். ஓர் இலவச மின்னஞ்சல் கணக்கிலிருந்து நாளுக்கு 500 பேராக அனுப்பத் தொடங்கினேன். தலைப்பு வரியில் "மாபெரும் தீபாவளி அதிரடிச் சலுகை" என்று நான்கு ஆச்சரியக்குறியோடு போட்டேன். மூன்றாம் நாள் கணக்கு முடங்கியது.

அதைவிடப் பெரிய அடி பிறகுதான் தெரிந்தது. அந்த 180 பேருக்குப் போன கடிதங்களும் குப்பைப் பெட்டிக்குள் போய்விட்டன. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அக்காவை அழைத்து, "இந்த ஆண்டு நீங்கள் சுடவில்லையா? வேறு இடத்தில் சொல்லிவிட்டேனே" என்றார். அக்கா கடன் வாங்கி மாவு அரைத்து வைத்திருந்தார். அடுக்கி வைத்த போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிற்பு இன்னும் மறக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்ன தப்பு நடந்தது என்று அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

கேட்காதவருக்கு விளம்பரக் கடிதம் அனுப்புவது இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1978 மே 3-ஆம் நாள், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துயர்க், அன்றைய அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முகவரிகள் அதிகமாகி, 'பெறுநர்' பகுதியில் இடம் போதாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. படித்தவர்கள் முதலில் பார்த்தது பொருளை அல்ல, முகவரிப் பட்டியலைத்தான். நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே. 36 ஆண்டு தாமதம், அவ்வளவுதான்.

நான் செய்ததில் சட்டச் சிக்கலும் இருந்தது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவருடைய முகவரியை வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். விளம்பரம் அனுப்பாதே என்று அவர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். அதற்கு 43-ஆம் பிரிவு இருக்கிறது. பிறர் தகவலை அனுமதியின்றித் திரட்டி விற்பவருக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ உண்டு. 2024-ல் சட்டத்தைத் திருத்தி, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். 150 வெள்ளிக்குப் பட்டியல் விற்க யாராவது வந்தால், தயவுசெய்து வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

சரி, 180 பேருக்குப் போன கடிதமும் ஏன் குப்பைக்குப் போனது? தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தோட்ட வாசலில் ஜாகா நிற்பார். யார் லோரி, எங்கிருந்து வருகிறது, சீட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கம்பைத் தூக்குவார். மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு ஜாகா இருக்கிறார். அவர் மூன்று சீட்டு கேட்பார். இந்தக் கடையின் பெயரில் அனுப்ப எந்தக் கணினிக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் முதலாவது. அதன் பெயர் எஸ்பிஎஃப். வழியில் யாரும் கடிதத்தைத் திருத்தவில்லை என்று காட்டும் அரக்கு முத்திரை இரண்டாவது, அது டிகேஐஎம். இவை பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று கடைக்காரரே முன்கூட்டிச் சொல்லி வைப்பது மூன்றாவது, அது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவரிடம் மூன்று சீட்டும் இருக்க வேண்டும். 'இனி வேண்டாம்' என்பதை ஒரே அழுத்தத்தில் செய்ய வசதியும் தர வேண்டும். ஆயிரம் பேரில் மூன்று பேர் 'இது குப்பை' என்று அழுத்தும் அளவுக்குப் போகவிடக் கூடாது.

நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு அந்த 5,000 பொருந்தாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 180 பேரில் ஒரே ஒருவர் குப்பை என்று அழுத்தினாலே அரை விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் 'இனி வேண்டாம்' என்ற இணைப்பைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பது முட்டாள்தனம் என்கிறேன். வெளியே போக வழி கிடைக்காதவர்தான் குப்பைப் பொத்தானைத் தேடுவார். கடைப் பெயரில் சொந்த இணைய முகவரி வாங்கிவிட்டால் இந்தச் சீட்டுகளை ஒரு மாலைப் பொழுதில் சரிசெய்துவிடலாம். ஆண்டுச் செலவு, ஒரு குடும்பம் ஒருவேளை வெளியே சாப்பிடும் செலவுதான்.

இனி கடிதத்துக்கு வருவோம். திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் கண்ணில் படுவது இரண்டு: யார் அனுப்பியது, தலைப்பு வரி என்ன. அனுப்புநர் பெயரில் 'விற்பனைப் பிரிவு' என்று போடாதீர்கள். 'முறுக்கு அக்கா, குருபோங்' என்று போட்டால் சன்னாசிமலையில் வாங்கித் தின்ற நாக்குக்கு நினைவு வந்துவிடும். தலைப்பு வரியில் கைப்பேசி காட்டுவது சில சொற்கள் மட்டும்தான். தமிழ் எழுத்து அகலமானது, அதிலும் குறைவாகவே தெரியும். எனவே பொருள் முதலில் வர வேண்டும். 'மாபெரும் தீபாவளி அதிரடி' என்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டால் முறுக்கு எங்கே போய் உட்காரும்?

அடுத்தது அந்தப் படம். கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் இது புரியும். ஒரு காலத்தில் தமிழில் மின்னஞ்சல் அனுப்புவது பெரும்பாடு. அனுப்புகிறவரிடம் உள்ள அதே எழுத்துரு பெறுகிறவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டமும் புள்ளியும்தான் வரும். அந்தத் தடையை உடைக்க உழைத்தவர்களில் நம் மலேசியர் முத்து நெடுமாறன் முன்னணியில் நின்றவர். அவருடைய மென்பொருளின் பெயரிலேயே 'அஞ்சல்' இருக்கிறது. 2001-ல் உலகத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோதும் குறியீட்டுச் சிக்கல் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை. ஆகவே தமிழைப் படமாக்கி அனுப்பினோம். அன்று அது புத்திசாலித்தனம். யூனிகோட் எல்லாக் கைப்பேசியிலும் வந்து அமர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் பாதிப் பேர் சுவரொட்டியைத்தான் கடிதம் என்கிறார்கள்.

படம் மட்டும் அனுப்பினால் என்ன ஆகும்? அலுவலகங்களில் பயன்படுத்தும் அவுட்லுக், வெளியிலிருந்து வரும் படத்தைப் பெரும்பாலும் தானாகத் திறந்து காட்டாது. வாடிக்கையாளர் பார்ப்பது ஒரு வெள்ளைக் கட்டம். கைப்பேசியில் திறந்தாலோ விலை எறும்பு அளவில் தெரியும். கண் தெரியாதவருக்குத் திரை வாசிப்பான் படத்தில் உள்ளதைப் படித்துச் சொல்லாது. தேடினாலும் 'முறுக்கு' என்ற சொல் கிடைக்காது. எனவே எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். படம் ஒன்று போதும், அதற்கும் ஒரு வரி விளக்கம் எழுதி வையுங்கள். கடிதம் ஒரே பத்தியாக மேலிருந்து கீழே ஓடட்டும். 600 புள்ளி அகலத்தைத் தாண்ட வேண்டாம். எழுத்து 16 புள்ளிக்குக் குறைந்தால் என் அம்மா கண்ணாடி தேடுவார். பின்னணி நிறத்தை நம்பி வெளிர் மஞ்சளில் எழுதாதீர்கள், இரவு நிறத்துக்கு மாற்றியவர் கைப்பேசியில் எல்லாம் தலைகீழாகும்.

2015-ல் நாங்கள் அனுப்பிய கடிதம் இதுதான். தலைப்பு: 'அச்சு முறுக்கு, ஞாயிறு வரை சொல்லலாம்'. உள்ளே: 'வணக்கம். போன ஆண்டு என் கடிதம் உங்களுக்கு வந்து சேரவில்லை, மன்னிக்கவும். இந்த ஆண்டும் சுடுகிறேன். அச்சு முறுக்கு, கை முறுக்கு, நெய் உருண்டை. எத்தனை போத்தல் வேண்டும் என்று இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கள். ஞாயிறு இரவோடு மாவு அளந்துவிடுவேன்.' கீழே விலையும் அக்காவின் தொலைபேசி எண்ணும். ஒரு படம்: அடுப்பருகே அவர் கை. முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த நோட்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பதில் போட்டார்கள். சிங்கப்பூர்க்காரர் இரண்டு மடங்கு கேட்டார்.

ஒரு கடிதத்தில் ஒரே வேலை கேட்டோம் என்பதைக் கவனியுங்கள். பதில் போடுங்கள், அவ்வளவுதான். முகநூலுக்கு வா, நண்பருக்குச் சொல், படத்தைப் பகிர் என்று நான்கு வேலை கொடுத்தால் எதையும் செய்யமாட்டார்கள். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து அனுப்புவதும் பெரிய கடைகளைப் பார்த்து நாம் பிடித்துக்கொண்ட நோய். வாடிக்கையாளர் வாயை மூடிவிட்டு வியாபாரம் பேசுவதா?

பெயர் போட்டு அழைப்பதைப் பற்றி ஒரு சொல். கணினி தானாகப் பெயரை நிரப்பும். அடையாள அட்டையில் உள்ளபடி 'ஏ/பி', 'ஏ/எல்' எல்லாம் சேர்ந்து, அப்பா பெயரோடு 'அன்புள்ள' என்று வந்து நிற்கும். அதைப் பார்த்தால் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். அறுபது வயது அம்மாவை வெறும் பெயர் சொல்லி அழைப்பதும் நம் வழக்கமல்ல. பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து சரிசெய்ய நேரமில்லையென்றால் பெயரே வேண்டாம், 'வணக்கம்' போதும்.

எந்த மொழியில் எழுதுவது என்பது சங்கடமான கேள்வி. தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முழுக்கத் தமிழில் எழுதினால் அவர்களை இழப்போம்; முழுக்க ஆங்கிலத்தில் எழுதினால் அக்கா அக்காவாக இருக்கமாட்டார். நோட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்: எந்த மொழி? கேட்டுத் தெரிந்துகொள்வதை விட்டுவிட்டு நாம் ஏன் ஊகிக்க வேண்டும்?

கடைசியாக, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 2021-ல் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் ஒரு மாற்றம் செய்தது. அந்தப் பாதுகாப்பை ஏற்றவர் கடிதத்தைப் படிக்காவிட்டாலும் திறந்ததாகவே கணக்கு காட்டும். அக்கா அந்த எண்ணைக் கேட்பதே இல்லை. எத்தனை போத்தல் போனது என்றுதான் கேட்பார்.

வாட்ஸ்அப் போதும் என்ற நண்பருக்கு ஒரே பதில். அக்காவும் வாட்ஸ்அப் வைத்திருக்கிறார். போன ஆண்டு கைப்பேசி தண்ணீரில் விழுந்து எண்களெல்லாம் போயின. நோட்டும் அதிலுள்ள முகவரிகளும் அலமாரியில் அப்படியே இருந்தன. அந்த நோட்டின் பின்பக்கத்தில் 'வேண்டாம்' என்று தலைப்பிட்டு இன்னொரு பட்டியலும் அவர் எழுதி வைத்திருக்கிறார். கடிதம் வேண்டாம் என்று சொன்னவர்கள், ஒன்பது பேர். மாசி மகத்தில் அவர்கள் கடைக்கு வந்தால் முறுக்கு உண்டு, நோட்டை மட்டும் நீட்டமாட்டார்.

மணி அடித்துவிட்டார்கள்.